கொட்டேஷனுக்கு முந்தைய அரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனராக விரும்பும் இளைஞர்களுக்காக உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்ன மென்பொருள் கற்க வேண்டும், செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை எங்கே ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டு, ‘நல்ல மாதிரிகளைப் போட்டு வையுங்கள், தொடக்கத்தில் விலையைக் குறைத்துச் சொல்லுங்கள், வேலை தேடி வரும்’ என்று கட்டுரை முடிந்துவிட்டது. பலர் முதல் ஆண்டிலேயே களைத்துப்போவது இந்தக் கடைசி ஆலோசனையால்தான். மாதிரியைப் பார்த்து கிளையன்ட் கூப்பிடுவார். வேலையைக் கொடுப்பது வேறொன்றைப் பார்த்து. அவர் கூப்பிட்ட பிறகு டிசைனர் என்ன கேட்கிறார், கேட்டதை எப்படி எழுதித் தருகிறார் என்பதில்தான் வேலை கைக்கு வருவதும் நழுவுவதும். கட்டுரை தொடாமல் விட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுத அனுமதியுங்கள்.

முதலில் கிளையன்ட்டின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு டிசைனர்களின் மாதிரிகளில் எது உயர்ந்தது என்று தீர்மானிக்க அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு இருப்பது பயம். சொன்ன தேதிக்கு வருமா, அச்சகத்தில் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா, பாதியில் போனை எடுக்காமல் போய்விடுவாரா, கடைசியில் ‘இதற்குத் தனிக் காசு’ என்பாரா? இந்த நான்குக்கும் கேட்காமலேயே பதில் சொல்பவருக்குத்தான் வேலை போகிறது. விலையில் அவர் நடுவில் இருந்தாலும்.

போர்ட்ஃபோலியோவைப் பற்றிச் சுருக்கமாக. ஆறிலிருந்து எட்டு வேலைகள் போதும். முப்பது லோகோக்களை வரிசையாக அடுக்கினால் எதுவும் நினைவில் நிற்காது. கூடவே, அந்தக் கூட்டத்தில் மோசமான ஒன்றுதான் முதலில் கண்ணில் படும். ஒவ்வொரு வேலைக்கும் கீழே நான்கைந்து வரிகள் எழுத வேண்டும்: என்ன சிக்கல், என்னென்ன கட்டுப்பாடுகள், இதில் உங்கள் பங்கு எது, என்ன முடிவெடுத்தீர்கள், ஏன். ‘எளிமையும் நவீனமும் கலந்த தோற்றம்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘சாம்பல் நிற எழுத்துக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தபட்ச அளவான 4.5:1-க்குக் கீழே இருந்தது. வயதானவர்கள் படிக்கச் சிரமப்பட்டார்கள். அதனால் கருமையாக்கினோம்’ என்றால், யோசித்துச் செய்பவர் என்று தெரியும். சட்டை, கோப்பை, பெயர்ப்பலகை என்று ஆயத்தமாகக் கிடைக்கும் மாக்கப் படங்களில் லோகோவை ஒட்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல், அச்சுக்குப் போன தட்டையான வடிவத்தையும் ஒரு பக்கத்தில் வையுங்கள். அச்சுத் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

தமிழில் வேலை செய்பவர்கள் கட்டாயம் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் காட்ட வேண்டும். மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பை இயக்காவிட்டால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ உடையும். அப்படி உடைந்த எழுத்தோடு போர்ட்ஃபோலியோ அனுப்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அனுப்பியவர் கவனிக்கவில்லை என்றாலும் பார்ப்பவர் கவனித்துவிடுவார்.

கிளையன்ட்டே இல்லாத தொடக்கக் காலத்தில், பிரபல நிறுவனத்தின் லோகோவை ‘மறுவடிவமைப்பு’ செய்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதைவிட, படிக்கவே முடியாத ஒரு கட்டணப் பில்லையோ மருந்துச் சீட்டையோ விண்ணப்பப் படிவத்தையோ எடுத்துச் சீர்செய்து காட்டுங்கள். ‘சுய முயற்சி’ என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். யாரும் கேட்காத வேலையைக் கிளையன்ட் வேலைபோலக் காட்டி மாட்டிக்கொண்டால் அதோடு அந்தப் பெயர் போனது.

வேலை வரும் வழிகளில், பழைய கிளையன்ட்டுகளும் பக்கத்துத் தொழில்காரர்களும் தரும் பரிந்துரைக்கு ஈடு கிடையாது. அச்சகத்தார், இணையதளம் கட்டுபவர்கள், விளம்பர வாசகம் எழுதுபவர்கள், புகைப்படக்காரர்கள் ஆகியோரிடம் ‘டிசைன் செய்ய யாராவது இருக்கிறார்களா’ என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஃபைலைச் சரியாகத் தருபவரை அச்சகத்தார் தாமாகவே சிபாரிசு செய்வார்கள். அவர்களுக்கு வேலை மிச்சம். அப்வொர்க், ஃபைவர் போன்ற இணைய வேலைத் தளங்களும் உண்டு. ஒரே விளம்பரத்துக்குப் பலர் விண்ணப்பிக்கும் அந்த இடத்தில் முதல் இரண்டு வரிகளே வாசிக்கப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு வரியை ‘நான் 5 ஆண்டு அனுபவமுள்ள டிசைனர்’ என்று செலவழிப்பவர்கள்தான் அதிகம்.

அப்படியானால் முதல் கடிதத்தில் என்ன எழுதுவது? ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கடிதம் முழுக்க அதையே பிடித்துச் செல்கிறேன். ஒரு நிறுவனம் தன் 48 பக்க ஆண்டறிக்கைக்கு டிசைனர் தேடுகிறது. இப்படி எழுதலாம்: ‘உங்கள் சென்ற ஆண்டு அறிக்கையைப் பார்த்தேன். நிதி அட்டவணைகள் பாதியில் முறிந்து அடுத்த பக்கத்துக்குப் போகின்றன. செல்போனில் படிக்க முடியவில்லை. இந்த ஆண்டு அச்சோடு திரையிலும் படிப்பதற்கான பதிப்பு தேவையா? அட்டவணை அதிகமுள்ள இரண்டு அறிக்கைகளை இணைத்திருக்கிறேன். அச்சிட வேண்டிய மேட்டர் எப்போது தயாராகும், யார் இறுதி ஒப்புதல் தருவார் என்று தெரிந்தால் கால அளவு சொல்ல முடியும். இந்த வாரம் 20 நிமிடம் பேசலாமா?’ இவ்வளவுதான். தன்னைப் பற்றிய புகழ் ஒரு வரி கூட இல்லை. அவர்கள் பொருளைப் பார்த்திருக்கிறார், ஒரு குறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார், பொருத்தமான இரண்டே மாதிரிகள் தந்திருக்கிறார். குறையைச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை: சென்ற ஆண்டு அதைச் செய்தவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அட்டவணை முறிகிறது என்பது குறிப்பு. கேவலமாக இருக்கிறது என்பது வசவு.

இனி அந்த 20, 30 நிமிடப் பேச்சு. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பிடித்த நிறம் என்ன, எந்த மாதிரி எழுத்து வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளால் கிளையன்ட்டை டிசைனராக்கிவிட்டு, பிறகு அவர் தலையிடுகிறார் என்று வருந்துகிறார்கள். கேட்க வேண்டியவை வேறு.

ஏன் இப்போது? பழைய வடிவம் இத்தனை நாள் ஓடியிருக்கிறதே, இப்போது மாற்ற வேண்டிய அவசரம் என்ன? இதற்கு வரும் பதில்தான் வேலையின் உண்மையான நோக்கம். ‘பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கணக்கு புரியவில்லை என்றார்கள்’ என்று பதில் வந்தால், அட்டைப்படத்தில் இரண்டு நாள் உழைப்பதைவிட அட்டவணைகளில் உழைப்பதே வெற்றி.

இறுதியாக ‘சரி’ சொல்பவர் யார்? பேச வந்தவர் அல்ல என்றால், அந்த ஆளை முதல் மாதிரிக்கு முன்பே ஒருமுறையாவது சந்திக்க வேண்டும். எல்லாம் முடிந்து, கடைசி வாரத்தில் தலைவர் முதன்முறையாகப் பார்த்து ‘எனக்கு நீலம் பிடிக்காது’ என்று சொல்வது இத்தொழிலின் மிகச் சாதாரண விபத்து.

தேதியை எது தீர்மானிக்கிறது? கூட்டத் தேதியா, யாரோ மனத்தில் வைத்த தேதியா? கூட்டம் என்றால் அது நகராது. அதிலிருந்து பின்னோக்கி அச்சுக்கும் பைண்டிங்குக்கும் வேண்டிய நாள்களைக் கழித்து, மீதியைத்தான் டிசைனுக்கு எண்ண வேண்டும்.

மேட்டர் யார் தருவார், எந்த நிலையில்? ‘கிட்டத்தட்ட தயார்’ என்ற பதிலை நம்ப வேண்டாம். பிழை திருத்தி முடிந்ததா, நிதிப் பகுதிக்குத் தணிக்கையாளர் கையெழுத்து ஆகிவிட்டதா, எத்தனை மொழி? பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழ் மேட்டர் யூனிகோடுக்கு மாற்றப்பட வேண்டியிருந்தால், மாற்றியபின் இன்னொரு முறை பிழை திருத்தம் தேவைப்படும். அது யார் வேலை என்று இப்போதே பேசிவிட வேண்டும்.

படங்கள் எங்கிருந்து வரும்? ஏ4 பக்கம் முழுவதும் ஓரம்வரை ஒரு படம் நிற்க வேண்டுமானால், நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்காக விடும் கூடுதல் ஓரம்) சேர்த்து 216-க்கு 303 மில்லிமீட்டர். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் சுமார் 2,551-க்கு 3,579 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். நீளப் பக்கம் 1,600 பிக்சல் உள்ள படத்தை அச்சில் பதின்மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக்கினால் தரம் குறையத் தொடங்கும். இந்தக் கணக்கைக் கிளையன்ட்டிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ‘மூலப்படங்கள் யாரிடம் இருக்கின்றன?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், இவருக்கு அச்சு தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

முன்பு செய்தவர் ஏன் இப்போது செய்யவில்லை? மென்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் விட்டுவிடக் கூடாதது. மூன்று ஆண்டில் மூன்று பேர் மாறியிருந்தால், நாலாவது ஆளாகப் போவதற்கு முன் யோசிக்கலாம்.

கடைசியாக, ஒதுக்கிய தொகை. ‘எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்’ என்று நேரடியாகக் கேட்டால் பலர் மழுப்புவார்கள். ‘இந்த அளவு வேலை பொதுவாக இன்ன தொகையிலிருந்து இன்ன தொகைவரை போகும், அது உங்களுக்குத் தோதுப்படுமா’ என்று கேட்டால் பதில் வந்துவிடும். தோதுப்படாது என்றால் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் மிச்சம்.

விலைக்கு வருவோம். கட்டுரை சொன்னபடி விலையைக் குறைப்பவர்கள் எதைக் குறைக்கிறோம் என்று தெரியாமலேயே குறைக்கிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம். விடுமுறை, நோய் என்று 6 வாரம் போனால் 46. வாரம் 40 மணி என்றால் 1,840 மணி. இதில் புது வேலை தேடுவது, கடிதம் எழுதுவது, பில் போடுவது, கற்பது எல்லாம் போக, பில்லில் ஏற்றக்கூடியது பாதியோ அதைவிடச் சற்று அதிகமோதான். 1,000 மணி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் செலவு, மென்பொருள் சந்தா, கம்ப்யூட்டர் தேய்மானம், காப்பீடு, வரி, சேமிப்பு அனைத்தையும் கூட்டி இந்த 1,000-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கான அடித்தள விலை வரும். மாதச் சம்பளக்காரரின் கணக்கில் 1,840-ஆல் வகுப்பவர் தன்னையறியாமல் ஏறக்குறையப் பாதி விலைக்கு வேலை செய்கிறார்.

அடுத்து மணிகள். நம் ஆண்டறிக்கைக்கு அட்டை, உள்பக்கம், அட்டவணைப் பக்கம் என மூன்று மாதிரிகளுக்கு 12 மணி. லேஅவுட்டுக்குப் பக்கத்துக்கு 40 நிமிடம் வீதம் 32 மணி. வரைபடங்கள் 14 என்றால் 14 மணி. கரெக்ஷன் இரண்டு சுற்று, சுற்றுக்கு 6 மணி வீதம் 12. அச்சு ஃபைல் சரிபார்ப்புக்கு 4. கூட்டினால் 74. போன், மின்னஞ்சல், கூட்டம் இவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 85. எதிர்பாராததற்கு 10 சதவீதம் போட்டால் 94-ஐ நெருங்கும். புதியவர் பொதுவாக எண்ணுவது முதல் இரண்டை மட்டுமே, அதாவது 44 மணி. பாதிக்கும் குறைவு. வேலை கிடைத்த மகிழ்ச்சி ஏன் மூன்றாவது வாரத்தில் எரிச்சலாகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதில் இன்னொரு பொறியும் உண்டு. மடித்து நடுவில் பின் அடிக்கும் நூலில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். மேட்டர் 49 பக்கமாக நீண்டால் நூல் 52 பக்கமாகும்; கூடும் பக்கத்துக்கு என்ன விலை என்று முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மணிக்கணக்கு உங்களுக்கான அடித்தளம், கிளையன்ட்டுக்குக் காட்ட வேண்டிய விலைப்பட்டியல் அல்ல. அவருக்கு மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். நைக்கியின் லோகோவை 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்குச் செய்தார் என்பதைப் பேரம் பேசுபவர்கள் அடிக்கடி எடுத்துவிடுவார்கள். 1983-இல் அந்த நிறுவனமே அவருக்குப் பங்குகளைக் கொடுத்தது என்ற பின்பாதியை ஏனோ சொல்வதில்லை. 1986-இல் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பால் ராண்ட், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு 1,00,000 டாலர் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு லோகோவைக் கொடுத்தார். அந்த முடிவை எப்படி எட்டினார் என்று படிப்படியாக விளக்கும் ஒரு சிறு நூலோடு. எல்லோரும் ராண்ட் ஆக முடியாதுதான். காரணம் சொல்லி ஒன்றைத் தருவது, காரணமில்லாமல் ஏழு லோகோ தருவதைவிட மேல் என்பதை எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் குறைக்கலாம், வேலையையும் சேர்த்து. வரைபடங்களை 14-லிருந்து 6 ஆக்கினால் இவ்வளவு குறையும், திரைப் பதிப்பை விட்டால் இவ்வளவு குறையும் என்று சொல்லுங்கள். அதே வேலைக்குச் சட்டென்று 30 சதவீதம் இறங்கினால், முதலில் சொன்ன விலை ஏமாற்று என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது.

பேசிய இரண்டு நாளுக்குள் முன்மொழிவு, அதாவது வேலையையும் விலையையும் எழுதித் தரும் கொட்டேஷன், போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம் கழித்து வரும் அழகான 20 பக்கத்தைவிட, மறுநாள் மாலை வரும் தெளிவான இரண்டு பக்கம் வெல்லும். தொடக்கத்தில் அவர்கள் சிக்கலை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள்: ‘உறுப்பினர்களுக்குக் கணக்கு புரியவில்லை.’ பிறகு என்ன செய்யப் போகிறீர்கள், முடிவில் எந்தெந்த ஃபைல் கொடுப்பீர்கள். அச்சுக்கான பிடிஎஃப், திரைக்கான பிடிஎஃப், ஓப்பன் ஃபைல் (மென்பொருளில் திறந்து மாற்றக்கூடிய மூல ஃபைல்) தருவீர்களா மாட்டீர்களா என்பது உட்பட. ஓப்பன் ஃபைல் பற்றி எழுதாமல் விட்டு, வேலை முடிந்தபின் மனக்கசப்பானவர்கள் ஏராளம். அதை அடுத்து, எவை இதில் சேராது: பிழை திருத்தம், மொழிபெயர்ப்பு, புகைப்படம், அச்சுச் செலவு. ‘சேராதவை’ பட்டியலை அநாகரிகம் என்று தயங்குகிறார்கள். கிளையன்ட்டுக்கு அதுதான் நிம்மதி. பின்னால் வரக்கூடிய செலவுகள் முன்னாலேயே தெரிந்துவிடுகின்றன.

கால அட்டவணையில் உங்கள் தேதிகளோடு அவர்கள் தேதிகளும் இருக்க வேண்டும். மேட்டர் இந்த நாளில், கருத்து இத்தனை வேலை நாளில். அவர்கள் தாமதித்தால் அத்தனை நாள் இறுதித் தேதியும் தள்ளும். கரெக்ஷன் இரண்டு சுற்று என்று மட்டும் எழுதினால் போதாது, சுற்று என்றால் என்ன என்றும் எழுத வேண்டும்: எல்லோருடைய திருத்தங்களையும் ஒருவர் ஒரே ஆவணத்தில் தொகுத்து அனுப்புவது ஒரு சுற்று. இல்லாவிட்டால் காலையில் ஒருவர் போனில், மதியம் இன்னொருவர் வாட்ஸ்அப்பில், இரவில் மூன்றாமவர் மின்னஞ்சலில் என்று சுற்று முடிவதே இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றுவார், நடுவில் நீங்கள்.

பணம் 40, 30, 30 சதவீதமாகப் பிரிவது வசதி: அட்வான்ஸ், மாதிரிக்கு ஒப்புதல் வந்ததும், அச்சு ஃபைல் தருவதற்கு முன். சிறு வேலைக்குப் பாதி பாதி. அட்வான்ஸ் வராமல் தொடங்க வேண்டாம். ‘கணக்குப் பிரிவில் இருக்கிறது’ என்பது அட்வான்ஸ் ஆகாது. வேலை பாதியில் நின்றால் அதுவரை செய்ததற்கான தொகை, முழுத்தொகை கிடைத்தபின் உரிமை மாறுதல், ஃபான்ட் மற்றும் படங்களின் உரிமம் கிளையன்ட் பெயரில் வாங்குதல் ஆகியவை தலா ஒரு வரி. கம்ப்யூட்டரில் பயன்படுத்த வாங்கிய ஃபான்ட் உரிமம் இணையதளத்துக்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. பல எழுத்துரு நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாக விற்கின்றன. செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய படம் பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். பின்னால் தெரிய வருவதுதான் சங்கடம். விலை 30 நாள்வரை செல்லும் என்ற வரியும் வேண்டும். எட்டு மாதம் கழித்து அதே தொகையோடு வருபவர்கள் உண்டு.

முன்மொழிவை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், அனுப்பும்போதே பத்து நிமிடம் போனில் அதைப் படித்துக் காட்ட நேரம் கேளுங்கள். தயக்கம் எந்த வரியில் என்பது குரலில் தெரியும், மின்னஞ்சலில் தெரியாது.

‘இரண்டு மாதிரி சும்மா செய்து காட்டுங்கள், பிடித்தால் தருகிறோம்’ என்ற கோரிக்கையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அமெரிக்க வரைகலை வடிவமைப்பாளர் அமைப்பான ஏஐஜிஏ உட்படப் பல தொழில் அமைப்புகள் இதை எதிர்த்து வந்திருக்கின்றன. கௌரவப் பிரச்சினை என்பதைவிட இது வேலைப் பிரச்சினை. மேட்டரும் இல்லை, நோக்கமும் தெரியவில்லை என்ற நிலையில் செய்யும் மாதிரி வெறும் ஊகம். அதை வைத்து அவர் எடுக்கும் முடிவும் ஊகமே. முகத்தில் அடித்தாற்போல மறுக்கவும் தேவையில்லை. ‘முழு வேலைக்கு இப்போது முடிவெடுக்க வேண்டாம். ஒரே ஓர் அட்டவணைப் பக்கத்தை மட்டும் உங்கள் உண்மையான எண்களோடு செய்து தருகிறேன், அதற்கு இவ்வளவு கட்டணம். வேலை தொடர்ந்தால் மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லலாம். ஒரு சிறு தொகையைக்கூடத் தர மனமில்லாதவர், பெரிய தொகையை நேரத்துக்குத் தருவார் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை.

பதில் வரவில்லையென்றால் நாலாம் நாள் ஒரு கேள்வி, பத்தாம் நாள் ஒன்று. ‘பார்த்தீர்களா’ என்று மட்டும் கேட்காமல், பயனுள்ள ஏதாவது ஒன்றோடு: ‘கூட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 18-ஆம் தேதிக்குள் மேட்டர் வர வேண்டியிருக்கும்’ என்பதுபோல. மூன்றாவதாக, ‘இந்த வாரத்துக்குப் பிறகு அந்த நாள்களை வேறு வேலைக்கு ஒதுக்குகிறேன்’ என்று தெரிவித்து நிறுத்திக்கொள்ளலாம். வேலை வேறொருவருக்குப் போயிருந்தால் காரணத்தைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. பத்து காரணங்கள் சேர்ந்ததும் படித்துப் பாருங்கள். விலை என்று நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் தாமதமாகவோ, புரியாத முன்மொழிவாகவோ இருக்கும்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அடுத்த முறை இத்தொழிலைப் பற்றி எழுதும்போது, அழகான லோகோக்களின் படங்களுக்குப் பதில், இரண்டு பக்க முன்மொழிவு ஒன்றையும் ஒரு பக்க ஒப்பந்த மாதிரி ஒன்றையும் தமிழிலேயே அச்சிடுங்கள். வெட்டியெடுத்து மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வடிவமைப்புத் துறையில் உள்ள ஒரு வாசகர்